ஐஸ் கம்பெனிக்கு ஒரு ஃபயர்வால்: மண்டபத்திலிருந்து ஓர் அனுபவம்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பதும் வலையைச் சரி செய்வதும் அப்போதுதான். நெட்வொர்க் வேலை பார்க்கும் எனக்கும் இந்தக் கரையில் அதுதான் பெரிய வேலைகளை எடுக்கிற காலம். மற்ற மாதங்களில், கடல் சரக்கை வாங்கி ஐஸ் வைத்து அனுப்பும் ஒரு ஐஸ் கம்பெனிக்குப் போய் "ஒரு மணி நேரம் நெட்டை நிறுத்திக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நண்டும் இறாலும் எடை போட்டு, பில் அடித்து, வண்டி ஏற்றும் நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றால் சரக்கு காத்திருக்காது. அதனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம் உள்ள ஒரு கம்பெனிக்கு லினக்ஸ் ஹைப்பர்வைசர் (ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் ஆன பல கம்ப்யூட்டர்களை ஓட்டுவது) மேல் ஃபயர்வால் (எந்தத் தொடர்பு போகலாம், எது வரலாம் என்று தீர்மானிக்கும் காவல்) வைத்துக்கொடுக்கும் வேலையையும் தடைக்காலத்தில்தான் தொடங்கினேன். அதில் கற்றதை, இதே மாதிரி இடங்களில் வேலை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அங்கே முன்பு இருந்தது இணைய இணைப்புக்காரர்கள் கொடுத்த ஒரே ஒரு ரூட்டர். பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர், குளிர் அறையின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி, கணக்கு முடிக்க வந்து உட்கார்ந்திருக்கும் படகு முதலாளிகளின் போன்கள் எல்லாமே ஒரே வைஃபையில். யாருடைய போனில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் போன் கணக்குக் கம்ப்யூட்டருக்கு நேர் பக்கத்து வீடு மாதிரி நிற்கிறது. இதைப் பிரிக்க வேண்டும் என்பதுதான் வேலை.

முதலாளி வேதாளைக்காரர். நாங்கள் எல்லோரும் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். திட்டத்தை விளக்கியதும் அவர் செலவைப் பற்றிக்கூட முதலில் கேட்கவில்லை. "தம்பி, நீ மாட்டி வச்சிட்டுப் போயிருவ. நாளைக்கு நின்னு போச்சுன்னா இங்கன யாரு எழுப்புறது?" என்றார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பதை வைத்துத்தான் பின்னால் வந்த ஒவ்வொரு முடிவையும் எடுத்தேன். எந்த மென்பொருள், எத்தனை போர்ட், எந்த முகவரி எல்லாமே அதற்குக் கீழேதான்.

தனி ஃபயர்வால் பெட்டி வாங்காமல் ஏன் மெய்நிகர் மெஷின், அதாவது ஹைப்பர்வைசருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டர், என்று கேட்கலாம். நல்ல அறை, கொஞ்சம் கூடுதல் பணம், பக்கத்திலேயே சர்வீஸ் இருந்தால் தனிப் பெட்டிதான் நல்லது என்பது இன்றைக்கும் என் எண்ணம். ஃபயர்வால் தனியாக இருந்தால் மற்ற மெஷின்களை நிறுத்தி வேலை பார்க்கும்போது நெட் நிற்காது. ஆனால் இந்தக் கரையில் உப்புக் காற்றுக்கு இரையாக இன்னொரு பெட்டி, இன்னொரு அடாப்டர் என்று வைப்பதை நான் விரும்பவில்லை. அதைவிடப் பெரிய காரணம், மாற்றுச் சாமான். குறிப்பிட்ட ஒரு மாடல் பெட்டி பழுதானால் ராமநாதபுரத்தில் கிடைக்காமல் மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். மெய்நிகர் மெஷின் என்றால் அதன் காப்பை (பேக்கப்) எடுத்து ஒரு பழைய டெஸ்க்டாப்பில்கூட ஏற்றி ஓடவிடலாம். காக்காவின் கேள்விக்கு முதல் பதில் அதுதான்.

அடிப்படைக்கு, அதாவது ஹைப்பர்வைசருக்கு, ப்ராக்ஸ்மாக்ஸை எடுத்துக்கொண்டேன். டெபியன் லினக்ஸ் மேல் நிற்பது, 2008 முதல் வெளிவருவது. உள்ளே மெய்நிகர் மெஷின்களை ஓட்டுவது கேவிஎம். 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கெர்னலிலிருந்தே அது லினக்ஸின் பாகம் என்பதால் பழகிப் பக்குவப்பட்ட சாமான். ஃபயர்வாலுக்கு ஓபிஎன்சென்ஸ். இது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுவது. மோனோவால் என்ற பழைய திட்டத்திலிருந்து 2004-இல் பிஎஃப்சென்ஸ் கிளைத்தது, அதிலிருந்து 2015 ஜனவரியில் ஓபிஎன்சென்ஸ் கிளைத்தது. லினக்ஸிலேயே விதிகளை எழுதிவிட்டால் போதாதா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு மட்டும் என்றால் போதும். ஆனால் எனக்குப் பிறகு வருகிற ஆள் உலாவியில் திறந்து, எந்த விதி எதற்கு என்று படித்துப் பார்க்க முடிய வேண்டும். ஓபிஎன்சென்ஸின் மொத்த அமைப்பும் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கிவிடுகிறது என்பதும் பெரிய வசதி. அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு பீரோவில் வைத்துக்கொள்ளலாம்.

மெஷினில் பலகையோடு (மதர்போர்டு) வந்த போர்ட், அதாவது நெட்வொர்க் ஒயர் செருகும் ஓட்டை, ஒன்று. கூடவே இரண்டு போர்ட் உள்ள கார்டு ஒன்று செருகினேன். ஃப்ரீபிஎஸ்டியில் சில மலிவு நெட்வொர்க் சிப்புகள் சரியாக ஓடாது என்று பலரும் பயப்படுவார்கள். மெய்நிகர் முறையில் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. உண்மையான கார்டை ஓட்டுவது லினக்ஸ், ஃபயர்வால் பார்ப்பது வர்ட்டியோ என்ற மெய்நிகர் கார்டை மட்டும்தான். கார்டையே நேராக மெஷினுக்குள் விட்டுவிடும் பாஸ்த்ரூ முறையும் உண்டு, வேகமும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அப்படிச் செய்தால் ஃபயர்வால் அந்தக் குறிப்பிட்ட கார்டோடு கட்டிப்போடப்படுகிறது. பழைய டெஸ்க்டாப்பில் ஏற்றலாம் என்ற மொத்த யோசனையும் அங்கே செத்துவிடும். இந்த அளவு இணைப்புக்குப் பாஸ்த்ரூ தேவையே இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி போர்ட் விஷயம். எந்த ஓட்டை எந்தப் பெயர் என்று முதலிலேயே கண்டுபிடித்து எழுதி வையுங்கள். ஈத்டூல் கட்டளையில் ஒரு போர்ட்டின் விளக்கை மினுக்க வைக்கும் வசதி இருக்கிறது. பின்னால் குனிந்து பார்த்தால் எது மினுக்குகிறது என்று தெரிந்துவிடும். சில கார்டுகள் மினுக்காது. அப்போது ஒயரைச் செருகியும் பிடுங்கியும் திரையில் எது மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இன்னொன்று: லினக்ஸ் போர்ட்டுகளுக்குப் பெயர் வைப்பது அவை பலகையில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதை வைத்து. பின்னால் யாராவது ஒரு கார்டோ டிஸ்க்கோ கூடுதலாகச் செருகினால் எண்கள் நகர்ந்து பெயர் மாறிவிடலாம். உண்மையான போர்ட்டை மெய்நிகர் கார்டோடு இணைக்கும் பிரிட்ஜ் பழைய பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும், நெட் செத்திருக்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு போர்ட்டின் மேக் முகவரியோடும் (கார்டோடு பிறந்த எண்) ஒரு நிரந்தரப் பெயரைக் கட்டிவிட்டேன். லினக்ஸைத் துவக்கும் சிஸ்டம்டியில் போர்ட்டுக்கு ஒரு சின்னக் கோப்பு எழுதினால் போதும். "வெளி", "உள்" என்ற பொருளில் பெயர் வைத்தால் எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறவருக்கும் புரியும். ஒயரின் இரண்டு முனையிலும் கலர் டேப் சுற்றினேன். வெளி ஒயருக்குச் சிவப்பு, உள் ஒயருக்குப் பச்சை.

இரண்டு பிரிட்ஜ். வெளிப் பிரிட்ஜில் சிவப்பு ஒயர் வரும் போர்ட், உள் பிரிட்ஜில் பச்சை. வெளிப் பிரிட்ஜில் ஹைப்பர்வைசருக்கு முகவரி எதுவும் கொடுக்கக்கூடாது. அந்தப் பக்கம் வருவதை ஃபயர்வால் மட்டும்தான் பார்க்க வேண்டும். முகவரி கொடுத்துவிட்டால் ப்ராக்ஸ்மாக்ஸின் நிர்வாகப் பக்கம், அதாவது 8006 போர்ட் (இது ஒயர் செருகும் ஓட்டை அல்ல, மென்பொருளின் வாசல் எண்), ஃபயர்வாலைத் தாண்டி வெளியே எட்டிப்பார்க்கத் தொடங்கும். பழைய வகையான ஐபிவி4 முகவரி கொடுக்காமல் விடுவதை எல்லோரும் செய்வார்கள். புதிய வகையான ஐபிவி6-ஐப் பலர் கவனிப்பதில்லை. இணைப்புக்காரரின் ரூட்டர் ஐபிவி6 முகவரியை விநியோகிக்கும் இடங்களில், லினக்ஸ் அந்த அறிவிப்பைக் கேட்டு யாரையும் கேட்காமல் வெளிப் பிரிட்ஜுக்குத் தானே ஒரு பொது முகவரி எடுத்துக்கொள்ளும். நாம் கதவைப் பூட்டி வைத்ததாக நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் வெளிப் பிரிட்ஜில் ஐபிவி6-ஐ அணைத்துவிட்டு, இயந்திரத்தை மறுபடி எழுப்பி, முகவரி எதுவும் வரவில்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இந்தப் பத்தியில் சொன்னது ஒன்றுதான் என்றாலும் மொத்த வேலையிலும் மிக முக்கியமானது இதுதான் என்பேன்.

உள் பிரிட்ஜில் ஹைப்பர்வைசருக்கு நிலையான முகவரி. டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) வேண்டவே வேண்டாம். டிஎச்சிபி கொடுப்பது ஃபயர்வால், அந்த ஃபயர்வாலை எழுப்புவது ஹைப்பர்வைசர். பெட்டி விழித்தெழும்போது முகவரிக்காகத் தன் வயிற்றுக்குள் இருக்கிற மெஷினிடம் கையேந்தி நிற்கக்கூடாது. இதே காரணத்தால் பில் போடும் கம்ப்யூட்டருக்கும் நிலையான முகவரிதான் கொடுத்தேன். ஃபயர்வால் படுத்துக்கிடக்கும் நேரத்தில் டிஎச்சிபியும் படுத்திருக்கும், புதிதாகச் செருகும் லேப்டாப்புக்கு முகவரியே வராது. அந்த நேரத்திலும் ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்தைத் திறக்கக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் அறையில் இருக்க வேண்டும்.

மெய்நிகர் மெஷினுக்கு இரண்டு கோர், 4 ஜிபி நினைவகம் கொடுத்தேன். நினைவகத்தை ஏற்றி இறக்கும் பலூன் வசதியை அணைத்துவிட்டேன். சிபியு வகையில் "ஹோஸ்ட்" என்று தேர்ந்தெடுத்தால் உண்மைச் சிப்பின் குறியாக்க வசதிகள் உள்ளே தெரியும், விபிஎன் (இணையத்துக்குள் போடும் குறியாக்கச் சுரங்கம்) ஓட்டும்போது அது உதவலாம். யுஇஎஃப்ஐ முறையில் துவக்கினால் செக்யூர் பூட் சாவிகள் (கையொப்பமில்லாத துவக்கியைத் தடுப்பவை) இல்லாமல் உருவாக்குங்கள். இல்லாவிட்டால் ஃப்ரீபிஎஸ்டியின் துவக்கி ஏறவே ஏறாது. பழைய பயாஸ் முறையிலேயே விட்டாலும் ஒன்றும் குறைவில்லை. இறக்கிய நிறுவல் கோப்பின் செக்சம்மை (கோப்பு கெடாமல் வந்ததா என்று பார்க்கும் எண்) தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். நிறுவல் என்பது அதற்குப் பிறகு சில கேள்விகளுக்குப் பதில் சொல்வது மட்டும்தான், அதை விவரிக்க வேண்டியதில்லை.

நிறுவியதும் எந்த மெய்நிகர் கார்டு வெளி, எது உள் என்று ஃபயர்வால் கேட்கும். ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு மெய்நிகர் கார்டுக்கும் ஒரு மேக் முகவரி காட்டப்படும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் ஊகிக்க வேண்டியிருக்காது. அப்புறம் ஒரு பொதுவான சிக்கல். ஓபிஎன்சென்ஸ் நிறுவியவுடன் தன் உள் முகவரியாக எடுத்துக்கொள்வது 192.168.1.1. நம் ஊரில் வீட்டுக்கும் கடைக்கும் மாட்டும் ஃபைபர் பெட்டிகளில் பலவற்றின் முகவரியும் அதேதான். வெளியிலும் உள்ளேயும் ஒரே எண் வரிசை இருந்தால் ஃபயர்வாலுக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்றே தெரியாது. எல்லா விளக்கும் எரியும், ஒன்றும் திறக்காது. எனவே சிவப்பு ஒயரைச் செருகுவதற்கு முன்பே உள் முகவரியை வேறு வரிசைக்கு மாற்றிவிடுங்கள். அங்கே கணக்குக்கு 10.20.10, கேமராவுக்கு 10.20.20, வந்துபோகிறவர்களின் போனுக்கு 10.20.30 என்று தொடங்கும் மூன்று நெட்வொர்க்குகளாகப் பிரித்தேன்.

இந்தப் பிரிப்புக்கு விலான் (ஒரே ஒயரில் பல நெட்வொர்க்குகளைக் குறி போட்டுப் பிரிக்கும் முறை) தெரிந்த ஒரு ஸ்விட்ச் வாங்கினோம். விலான் குறியை ஃபயர்வாலுக்குள் போடலாம், அல்லது ப்ராக்ஸ்மாக்ஸிலேயே ஒவ்வொரு விலானுக்கும் ஒரு மெய்நிகர் கார்டு என்று கொடுக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். ஃபயர்வாலுக்குள் பார்க்கும்போது வெளி, கணக்கு, கேமரா, விருந்தினர் என்று நான்கு கார்டுகள் நேராகத் தெரியும், புதிதாக வருகிறவருக்குக் குழப்பம் குறைவு. விதிகளும் எளிமைதான். விருந்தினர் வெளியே போகலாம், உள்ளே எதையும் தொட முடியாது. கேமராக்கள் நேரம் சரிபார்க்க ஃபயர்வாலிடம் கேட்கலாம், வேறு எங்கேயும் போக முடியாது. கணக்குக் கம்ப்யூட்டர் கேமராவைப் பார்க்கலாம், கேமரா கணக்கைப் பார்க்க முடியாது. குளிர் அறைக் கருவியைக் கேமரா நெட்வொர்க்கிலேயே சேர்த்துவிட்டேன்.

ஒரு கோளாறை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தேடித் தேடிக் களைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழக்கரையில் ஒரு கடையிலிருந்து கூப்பிட்டார்கள். கேவிஎம் மேல் இதே குடும்பத்து ஃபயர்வால் ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேல் இருந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் நெட் நன்றாக வந்தது. ஆனால் அதே பெட்டிக்குள் ஓடும் இன்னொரு மெய்நிகர் மெஷினிலிருந்து பிங் போகிறது, பதிலும் வருகிறது, எந்த வலைப்பக்கமும் திறக்கவில்லை. விதிகளை எத்தனை முறை திருத்தினாலும் அதே கதை.

காரணம் செக்சம். நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் அது கெடாமல் வந்ததா என்று பார்க்க ஒரு கூட்டுத்தொகை இருக்கும். அதைப் போடும் வேலையை இயங்குதளம் கார்டின் தலையில் கட்டிவிடும், அதற்குத்தான் ஆஃப்லோடு என்று பெயர். ஒரே பெட்டிக்குள் ஒரு மெய்நிகர் மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பொட்டலம் உண்மையான கார்டைத் தொடுவதே இல்லை. அதனால் கூட்டுத்தொகை நிரப்பப்படாமலேயே ஃபயர்வாலுக்கு வந்து சேரும். ஃப்ரீபிஎஸ்டியின் பொட்டல வடிகட்டி அதைக் கெட்டுப்போன பொட்டலம் என்று நினைத்துத் தள்ளிவிடும். வெளிக் கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியாக வருவதில் கூட்டுத்தொகை சரியாக இருக்கும், அதனால் அது பிழைத்துக்கொள்ளும். தீர்வு ஃபயர்வாலின் இன்டர்ஃபேஸ் அமைப்பில் ஹார்டுவேர் செக்சம் ஆஃப்லோடை முடக்குவது, பிறகு மறுபடி எழுப்புவது. ஓபிஎன்சென்ஸில் அது முதலிலிருந்தே முடக்கித்தான் வரும். வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் அதைத் தொடாதீர்கள். டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ என்ற மற்ற இரண்டு ஆஃப்லோடுகளுக்கும் அதே பேச்சு.

இன்னும் ஒன்று, சுருக்கமாக. ஹைப்பர்வைசர் மேலேயே டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் கருவி) நிறுவாதீர்கள். அது பிரிட்ஜில் போகும் பொட்டலங்களையும் லினக்ஸின் சொந்த வடிகட்டி வழியாகத் திருப்பிவிட்டு, கடத்தும் வழியின் இயல்பை "தடு" என்று மாற்றிவிடும். ஃபயர்வால் உயிரோடு இருக்கும், அதன் வழியாக ஒன்றும் போகாது. டாக்கர் வேண்டுமென்றால் தனி மெய்நிகர் மெஷினில் வையுங்கள்.

காக்காவின் மகன் சென்னையில் இருக்கிறார், அங்கிருந்து கேமராவும் குளிர் அறை வெப்பநிலையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. போர்ட் திறந்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தார். ஃபயர்வாலின் வெளி முகவரியைப் பார்த்தால் 100.70 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணைப்பு நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. அப்படிப்பட்ட இணைப்பில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் வர முடியாது. கேமராவை நேராக இணையத்தில் திறந்துவிடுவதை நான் எப்படியும் செய்திருக்க மாட்டேன். பொது முகவரி உள்ள சின்ன வாடகைச் சர்வர் ஒன்றை எடுத்து, ஃபயர்வாலிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் போட்டேன். தொடர்பை உள்ளிருந்து வெளியே தொடங்குவதால் பங்கிட்ட முகவரி ஒரு தடை இல்லை. 25 நொடிக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதைச் சொல்லும் அமைப்பை மட்டும் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் முகவரியைப் பங்கிடும் பெட்டி தொடர்பை மறந்துவிடும்.

சுரங்கம் வந்த பிறகும் மகனுக்கு லாகின் பக்கம் திறந்தது, படம் மட்டும் வரவில்லை. இணைப்பு பிபிபிஓஇ முறையில் (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைப்புக்காரரோடு இணைவது) வருகிறது. அதில் ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு 1500 பைட் இல்லை, 1492. வயர்கார்டு தன் பொட்டல அளவை வழக்கமாக 1420 என்று வைத்துக்கொள்ளும். அது 1500-ஐ நம்பிப் போட்ட கணக்கு. இங்கே 1412 என்று இறக்கியதும் படம் ஓடத் தொடங்கியது. சின்ன விஷயங்கள் திறந்து பெரிய விஷயங்கள் மட்டும் தொங்கினால் முதலில் இந்த அளவைச் சந்தேகியுங்கள்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். காற்றும் மழையும் கூடும் ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் போய்ப் போய் வரும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்கள் அதில் யுபிஎஸ் முறைக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முறையில் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்து எழும். நாங்கள் யுஎஸ்பி ஒயர் உள்ள யுபிஎஸ் வாங்கி, ஹைப்பர்வைசரில் நட் என்ற மென்பொருளை வைத்தோம். பேட்டரி கடைசிக் கட்டத்துக்கு வந்தால் அது மெஷின்களை முறையாக இறக்கிவிட்டுப் பெட்டியை அணைக்கும். ஃபைபர் பெட்டியும் ஸ்விட்சும் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஃபயர்வால் மட்டும் விழித்திருந்து பயனில்லை. பயாஸில் "கரண்ட் வந்தால் தானே எழு" என்ற அமைப்பைப் போட்டேன். ப்ராக்ஸ்மாக்ஸில் ஃபயர்வாலுக்கு முதல் வரிசை எண், அது முழுதாக எழும்பக் கொஞ்சம் அவகாசம், பிறகுதான் மற்ற மெஷின்கள். ஃபயர்வாலின் உள் டிஸ்க்குக்கு இசட்எஃப்எஸ் தேர்ந்தெடுத்தேன். திடீர் மரணத்தைப் பழைய கோப்பு முறையைவிட அது நன்றாகத் தாங்குகிறது. எல்லாம் அமைத்த பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் எதையும் தொடாமல் தானே எழுகிறதா என்று காக்கா முன்னாலேயே செய்து காட்டினேன். பில் கம்ப்யூட்டரில் பக்கம் திறந்ததும்தான் அவர் எழுந்து போனார்.

பெட்டியை வைக்கும் இடத்தைப் பற்றி நெட்வொர்க் படித்தவர்கள் அதிகம் பேசுவதில்லை. கடற்கரை ஐஸ் கம்பெனியில் அதுதான் பாதி வேலை. ஐஸ் ஆலையில் குளிரூட்டுவது அமோனியா. அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், நெட்வொர்க் ஒயருக்குள் இருப்பது செம்பு. கம்ப்ரசர் கூடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மூடிய கதவு, முடிந்தால் இன்னொரு அறை இருக்க வேண்டும். குளிர் அறையோடு பொதுச் சுவர் உள்ள பக்கம் அலமாரி வைக்கக்கூடாது, சுவரில் வியர்வை பூத்து நீர் வழியும். மீதிக்கு உப்புக் காற்று இருக்கவே இருக்கிறது. பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டேன். ஒயர் முனையைப் பிடுங்கிப் பார்த்தால் தங்க நிறக் கம்பிகளில் பச்சை படர்ந்திருந்தால் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒயரையே மாற்றிவிடுங்கள். மாற்று ஒயர்கள் மூடிய டப்பாவில் இருக்கட்டும். ஒவ்வொரு தடைக்காலத்திலும் பெட்டியைத் திறந்து விசிறியைத் துடைப்பது, ஒயர்களை மாற்றுவது, ஃபயர்வாலின் பெரிய புதுப்பிப்பைப் போடுவது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். புதுப்பிப்புக்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டால், ஏதாவது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் பிடிக்காது.

காக்காவின் கேள்விக்கான மீதிப் பதில் ஒரு காகிதம். லேமினேட் செய்து அலமாரிக் கதவில் ஒட்டியது, தமிழில். முதல் வரி: ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் எதையும் தொடாதே, இணைப்புக்காரருக்குப் போன் செய். இரண்டாவது: சிவப்பு டேப், பச்சை டேப் ஒயர்கள் செருகிய இடத்தில் விளக்கு மினுக்குகிறதா? மூன்றாவது: பில் கம்ப்யூட்டரில் இந்த முகவரியைத் திற, 100 என்ற மெஷின் பக்கத்தில் பச்சை அம்பு இருக்கிறதா? இல்லாவிட்டால் "ஸ்டார்ட்" அழுத்து. கடைசி வரி: அதற்கும் வராவிட்டால் போன் ஹாட்ஸ்பாட்டில் பில் கம்ப்யூட்டரை மட்டும் சேர்த்து வேலையை ஓட்டு, சிவப்பு ஒயரைப் பிடுங்கி ஸ்விட்சில் செருகாதே. அந்தக் கடைசிப் பாதியைத் தடித்த எழுத்தில் போட்டேன். அவசரத்தில் எல்லோருக்கும் கை போவது அதற்குத்தான். ஒரு நிமிடத்தில் நெட் வந்துவிடும், கூடவே எல்லாமே ஃபயர்வாலைத் தாண்டிப்போய்விடும்.

கணக்கு பார்க்கும் தங்கச்சி ஒரு மழை நாளில் போன் செய்தது. "அண்ணே, நெட்டு வரல. வெளிப் பெட்டியில சிவப்பு லைட்டு எரியுது, அதனால நான் எதையும் தொடல. ஃபைபர்காரங்களுக்குச் சொல்லிட்டேன். வண்டிக்குப் பில்லு போடணும், என் போன்ல போட்டுக்கிறேன். சரியாண்ணே?" சரிதான் என்றேன். எங்கோ ஃபைபர் அறுந்திருந்தது, மறுநாள் ஒட்டினார்கள். நான் மண்டபம் போகவே இல்லை.

காப்பு விஷயம் மீதி. மெய்நிகர் மெஷினின் முழுக் காப்பு வாரம் ஒரு முறை வெளி டிஸ்க்கில் விழுகிறது. எக்ஸ்எம்எல் கோப்பு ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தனியாக எடுத்து வைக்கப்படுகிறது. அதில் விபிஎன் சாவிகளும் இருப்பதால் கடவுச்சொல் போட்டுக் குறியாக்கம் செய்துதான் இறக்க வேண்டும். காப்பு எடுத்ததோடு விடாமல், கம்பெனியின் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ப்ராக்ஸ்மாக்ஸை ஏற்றி, பிரிட்ஜுகளுக்கு அதே பெயரைக் கொடுத்து, ஃபயர்வாலை மீட்டெடுத்துப் பார்த்தோம். டெஸ்க்டாப்பில் ஒரு போர்ட்தான் இருந்தது, வெளிப் பக்கத்துக்கு யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் ஒன்றை மாட்டினோம். மெய்நிகர் கார்டுகளின் மேக் முகவரிகள் காப்போடு வந்துவிடுவதால் ஃபயர்வால் தான் வேறு பெட்டிக்கு வந்ததையே உணராமல் எழுந்தது. இப்போது அந்த டெஸ்க்டாப் பிளாஸ்டிக் உறை மூடி, கணக்கு அறை பீரோவின் கீழ்த் தட்டில் இருக்கிறது, யுஎஸ்பி அடாப்டர் அதிலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. டெஸ்க்டாப்பின் கடிகார பேட்டரி பழசு, தேதி தவறினால் விபிஎன்னும் சான்றிதழ்களும் தகராறு செய்யும் என்பதால் வருகிற தடைக்காலத்தில் அதை மாற்ற வேண்டும்.